காற்றா, நீரா? ஹோண்டா நிறுவனரின் வாழ்வைத் திருப்பிய என்ஜின் விவாதம்

புதுதில்லி, நவ. 17: இந்தியாவின் எந்த நகரத்திலும் ஹோண்டா என்னும் பெயர் பொறித்த வாகனம் ஒன்றையேனும் காணாமல் ஒரு கடைவீதியைக் கடந்துவிட முடியாது. அப்பெயருக்கு உரியவரான ஜப்பானியத் தொழிலதிபர் சோய்சிரோ ஹோண்டா, 1906-ஆம் ஆண்டு இதே நாளில் பிறந்தார். பொறியியல் பட்டமோ பட்டயமோ பெறாத அவர், பழுது பார்க்கும் பட்டறையில் தொழில் கற்று, உலகின் மிகப் பெரிய இருசக்கர வாகன நிறுவனத்தையும் அதன் தொடர்ச்சியாக ஒரு கார் நிறுவனத்தையும் உருவாக்கினார்.

ஒரு நிறுவனம் எத்தகைய வாகனங்களைத் தயாரிக்க வேண்டும் என்பதைச் சந்தை மட்டுமே தீர்மானிப்பதில்லை. என்ஜின் எப்படி இருக்க வேண்டும் என்பதில் அதன் தலைமை கொண்டுள்ள நம்பிக்கையும் அதைத் தீர்மானிக்கிறது. ஹோண்டாவின் வாழ்க்கை இதற்குத் தெளிவான சான்று. அவரது நம்பிக்கையே உலகில் மிக அதிக எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்ட மோட்டார் வாகனத்தை அளித்தது. அதே நம்பிக்கை பிடிவாதமாக மாறியபோது, விற்பனையில் தோல்வி கண்ட ஒரு காரையும் அளித்தது. அந்தப் பிடிவாதத்தை அவர் கைவிட்ட விதமே அவரது நிறுவனத்தின் பிற்கால வரலாற்றை வகுத்தது.

கொல்லரின் மகன்

ஜப்பானின் ஷிசுவோகா மாகாணத்தில் உள்ள கோம்யோ என்னும் சிற்றூரில் ஹோண்டா பிறந்தார். இன்று அது ஹமமட்சு நகரின் ஒரு பகுதி. தந்தை கிஹெய் கொல்லுப்பட்டறை வைத்திருந்தார். பின்னர் மிதிவண்டிகளைப் பழுது பார்க்கும் தொழிலிலும் ஈடுபட்டார். தாய் மிகா நெசவுத் தொழிலில் தேர்ந்தவர். உலைக்களத்தின் ஓசைக்கு நடுவே வளர்ந்த சிறுவனுக்குப் பள்ளிப் பாடங்களைவிட இயந்திரங்களே பெரிதாகத் தெரிந்தன. ஊருக்குள் முதன்முதலாக வந்த காரின் பின்னே ஓடியதையும், அது சாலையில் சிந்திச் சென்ற எண்ணெயின் மணத்தை முகர்ந்து மகிழ்ந்ததையும் அவர் முதுமையிலும் நினைவுகூர்ந்தார்.

1922-ஆம் ஆண்டு, 15 வயதில், ஒரு பத்திரிகை விளம்பரத்தைக் கண்டு டோக்கியோவின் ஆர்ட் ஷோகாய் என்னும் கார் பழுது பார்க்கும் நிறுவனத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். தொடக்கத்தில் பல மாதங்கள் பட்டறையைத் துப்புரவு செய்வதும் உரிமையாளரின் குழந்தையைப் பார்த்துக்கொள்வதுமே அவருக்கு அளிக்கப்பட்ட வேலைகள். ஆயினும் ஊர் திரும்பாமல் பொறுத்திருந்தார். 1923 செப்டம்பரில் டோக்கியோவைப் பெரும் நிலநடுக்கம் தாக்கித் தீ பரவியபோது, பட்டறையில் இருந்த கார்களைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுசெல்லும் பணியில் அவரும் பங்கேற்றார்.

பட்டறை உரிமையாளர் யூசோ சகாகிபாரா பந்தயக் கார்களில் ஆர்வம் மிக்கவர். விமான என்ஜின் ஒன்றைப் பொருத்தி அங்கு உருவாக்கப்பட்ட பந்தயக் கார் 1924-இல் நடைபெற்ற போட்டியில் வென்றது. அதில் ஓட்டுநருக்குத் துணையாகச் சென்ற இளம் மெக்கானிக் ஹோண்டாதான். பந்தயக் களம் என்பது கேளிக்கைக்கான இடமன்று, என்ஜினைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் என்னும் கருத்து அந்நாள்களிலேயே அவர் மனத்தில் வேரூன்றியது.

1928-இல் அந்நிறுவனத்தின் கிளையை ஹமமட்சுவில் தொடங்கும் பொறுப்பு அவருக்கு அளிக்கப்பட்டது. அக்காலக் கார்ச் சக்கரங்களின் ஆரக்கால்கள் மரத்தால் ஆனவை. அவற்றுக்குப் பதிலாக வார்ப்பு உலோக ஆரக்கால்களை வடிவமைத்துக் காப்புரிமை பெற்றார். 1936-இல் டோக்கியோவுக்கு அருகே தாமகாவா ஆற்றங்கரையில் நடைபெற்ற பந்தயத்தில், தாமே உருவாக்கிய காரை ஓட்டிச் சென்று விபத்தில் சிக்கிக் காயமடைந்தார். உடன் சென்ற தம்பிக்கு மேலும் கடுமையான காயம் ஏற்பட்டது.

வளையம் புகட்டிய பாடம்

பழுது பார்ப்பதோடு நில்லாமல் பொருள்களைத் தயாரிக்க வேண்டும் என்னும் எண்ணத்துடன் பிஸ்டன் வளையத் தயாரிப்பில் இறங்கிய ஹோண்டாவுக்குத் தோல்வியே முதலில் கிட்டியது. வார்த்தெடுத்த வளையங்கள் எளிதில் முறிந்தன. ஹமமட்சு தொழில்நுட்பப் பள்ளிப் பேராசிரியர் ஒருவரை அணுகியபோது, உலோகத்தில் சிலிக்கான் போதிய அளவில் இல்லை என்பது தெரியவந்தது. தமக்குத் தெரியாதது எது என்பதை உணர்ந்த ஹோண்டா, அதே பள்ளியில் பகுதிநேர மாணவராகச் சேர்ந்து உலோகவியல் பயின்றார். தொழிலுக்குத் தேவையான வகுப்புகளுக்கு மட்டும் சென்ற அவர், தேர்வுகளை எழுதவில்லை, பட்டயமும் பெறவில்லை.

அவரது தோகாய் செய்கி நிறுவனம் டொயோட்டாவுக்கு முதலில் அளித்த 50 வளையங்களில் 3 மட்டுமே தரச் சோதனையில் தேறின. அதன் பிறகு பல தொழிற்சாலைகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் சென்று தயாரிப்பு முறைகளைக் கற்று, தரத்தை உயர்த்தினார். இரண்டாம் உலகப் போரின்போது அந்நிறுவனத்தில் டொயோட்டா கணிசமான பங்குகளைப் பெற்றது. வான்வழிக் குண்டுவீச்சிலும் 1945 ஜனவரியில் நேரிட்ட மிகாவா நிலநடுக்கத்திலும் தொழிற்சாலைகள் சேதமடைந்தன. போர் முடிந்ததும் தம் பங்குகள் முழுவதையும் டொயோட்டாவிடம் 4.5 லட்சம் யென்னுக்கு விற்றுவிட்டு, ஏறத்தாழ ஓராண்டு எவ்வேலையும் செய்யாமல் ஓய்ந்திருந்தார்.

மிதிவண்டியில் தொடங்கிய பயணம்

போருக்குப் பிந்தைய ஜப்பானில் ரயில்கள் நிரம்பி வழிந்தன. எரிபொருள் அரிதாக இருந்தது. உணவுப் பொருள்களைத் தேடி மக்கள் நெடுந்தொலைவு மிதிவண்டியில் சென்றனர். இச்சூழலில் 1946 அக்டோபரில் ஹமமட்சுவில் ஹோண்டா தொழில்நுட்ப ஆய்வகம் தொடங்கப்பட்டது. ராணுவத்தின் கம்பியில்லாத் தந்திக் கருவிகளுக்கு மின்சாரம் அளித்துவந்த சிறிய என்ஜின்களை வாங்கி, அவற்றை மிதிவண்டிகளில் பொருத்தி ஹோண்டா விற்றார். அவை தீர்ந்ததும் சொந்தமாக என்ஜின் தயாரித்தார். 1948 செப்டம்பர் 24-இல் 10 லட்சம் யென் மூலதனத்துடனும் 34 பணியாளர்களுடனும் ஹோண்டா மோட்டார் நிறுவனம் உதயமானது.

மறு ஆண்டு அந்நிறுவனத்தின் முதல் முழுமையான மோட்டார் சைக்கிளான டிரீம் டி வெளிவந்தது. அதே ஆண்டில் டகேயோ ஃபுஜிசாவா நிறுவனத்தில் இணைந்தார். நிதி, விற்பனை, நிர்வாகம் ஆகிய அனைத்தையும் அவர் ஏற்றார். வடிவமைப்பையும் தயாரிப்பையும் ஹோண்டா ஏற்றார். தம் பெயரிலான அலுவல் முத்திரையையே ஃபுஜிசாவாவிடம் ஒப்படைத்துவிட்டு, நிர்வாகத்தில் தலையிடாமல் பட்டறையிலேயே பெரும்பொழுதைக் கழித்தார் ஹோண்டா. வணிகம் அறிந்த ஒருவரும் என்ஜின் அறிந்த ஒருவரும் சேர்ந்து நடத்திய நிறுவனம் என்பதே பிற்காலத்தில் அதைக் காத்த கூறு.

டிரீம் டி வண்டியில் இருந்தது டூ ஸ்ட்ரோக் என்ஜின். விலை குறைவு, அமைப்பு எளிது. ஆனால் பெட்ரோலுடன் எண்ணெயும் சேர்ந்து எரிவதால் புகையும் இரைச்சலும் அதிகம். 1951-இல் ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினுடன் டிரீம் இ உருவாக்கப்பட்டது. இளம் பொறியாளர் கியோஷி கவாஷிமா வடிவமைத்த அந்த 146 சி.சி. வண்டி, புயல் மழைக்கு இடையே ஹகோனே மலைப்பாதையில் நிற்காமல் ஏறிச் சோதனையில் வென்றது. பின்னே காரில் தொடர்ந்த ஹோண்டாவும் ஃபுஜிசாவாவும் வண்டியை எட்டிப் பிடிக்க இயலாமல் பின்தங்கினர். தயாரிப்பதற்குக் கடினமாயினும் எரிபொருளைச் சிக்கனமாகவும் சுத்தமாகவும் எரிக்கும் என்ஜினே சிறந்தது என்னும் கொள்கை அன்று முதல் நிறுவனத்தின் அடையாளமாயிற்று.

அக்கொள்கைக்குச் சோதனையும் விரைவில் வந்தது. 1954-இல் அறிமுகமான ஜூனோ ஸ்கூட்டரின் என்ஜின், உடற்பகுதிக்குள் மூடப்பட்டிருந்ததால் போதிய காற்றின்றி அளவுக்கு மீறிச் சூடேறியது. விற்பனை சரிந்து நிறுவனம் கடும் நிதி நெருக்கடியில் சிக்கியது. ஃபுஜிசாவாவின் நிர்வாகத் திறனால் அந்த நெருக்கடி கடக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் பிரிட்டனின் ஐல் ஆஃப் மேன் தீவில் நடைபெறும் புகழ்பெற்ற மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் பங்கேற்கப்போவதாக ஹோண்டா அறிவித்தார். 1959-இல் முதன்முறையாகக் களமிறங்கிய அவரது அணி, 1961-இல் 125 சி.சி., 250 சி.சி. ஆகிய இரு பிரிவுகளிலும் முதல் 5 இடங்களை வென்றது.

ஒரு கையால் ஓட்டத்தக்க வண்டி

ஐரோப்பியப் பயணத்தின்போது அங்குள்ள சிறு மோட்டார் வண்டிகளைப் பார்வையிட்ட ஃபுஜிசாவா, எவரும் ஓட்டத்தக்க ஒரு வண்டி வேண்டும் என வலியுறுத்தினார். ஜப்பானில் உணவகப் பணியாளர்கள் ஒரு கையில் உணவுத் தட்டுகளை ஏந்தியபடி மறுகையால் மிதிவண்டியை ஓட்டிச் செல்வது வழக்கம். அவர்களும் ஓட்டக்கூடியதாக அவ்வண்டி இருக்க வேண்டும் என்பதே அளவுகோல்.

1958 ஆகஸ்டில் வெளிவந்த சூப்பர் கப், அந்த அளவுகோலின் ஒவ்வொரு கூறுக்கும் பொறியியல் வழியில் விடை அளித்தது. கையால் இயக்க வேண்டிய கிளட்ச் நீக்கப்பட்டு, என்ஜின் சுழற்சிக்கு ஏற்பத் தானே இயங்கும் கிளட்ச் பொருத்தப்பட்டது. பாவாடை அணிந்த பெண்களும் எளிதில் ஏறும் வகையில் சட்டத்தின் நடுப்பகுதி தாழ்த்தப்பட்டது. சேற்றையும் காற்றையும் தடுக்க பிளாஸ்டிக்காலான கால் மறைப்பு அமைக்கப்பட்டது. மோசமான சாலைகளைக் கருதிப் பெரிய சக்கரங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. 50 சி.சி. அளவுள்ள சிறு வண்டிகளில் டூ ஸ்ட்ரோக் என்ஜினே வழக்கமாக இருந்த காலத்தில், 4.5 குதிரைத்திறன் கொண்ட ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜின் அதில் இடம்பெற்றது.

மாதம் 30,000 வண்டிகள் விற்க முடியும் என ஃபுஜிசாவா கணித்தபோது, ஜப்பானின் மொத்த இருசக்கர வாகனச் சந்தையே அதைவிடச் சற்றுப் பெரியதுதான் என்பதால் பலர் வியந்தனர். 2017-ஆம் ஆண்டில் இவ்வரிசை வண்டிகளின் மொத்தத் தயாரிப்பு 10 கோடியைக் கடந்தது. வேறு எந்த மோட்டார் வாகனமும் இந்த எண்ணிக்கையை எட்டியதில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

டிரக்குக்குப் பந்தய என்ஜின்

1960-களின் தொடக்கத்தில், கார் தயாரிப்பில் புதிய நிறுவனங்கள் நுழைவதைக் கட்டுப்படுத்தும் சட்ட மசோதாவை ஜப்பானின் சர்வதேச வர்த்தக, தொழில் துறை அமைச்சகம் முன்னெடுத்தது. அரசு யாரைத் தொழில் செய்ய அனுமதிப்பது எனத் தீர்மானிப்பதை ஹோண்டா கடுமையாக எதிர்த்தார். சட்டம் வருமுன் கார் தயாரிப்பாளர் என்னும் தகுதியைப் பெற்றுவிட வேண்டும் என்னும் அவசரத்தில் வேலைகள் முடுக்கிவிடப்பட்டன. இறுதியில் அம்மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறவில்லை.

அவசரத்திலும் என்ஜினில் சமரசம் செய்ய அவர் உடன்படவில்லை. 1963 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்த நிறுவனத்தின் முதல் நான்கு சக்கர வாகனமான டி360, ஒரு சிறிய சரக்கு டிரக். காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிச் செல்லும் அவ்வண்டியில், பந்தய வாகனங்களில் மட்டுமே காணப்பட்ட இரட்டைக் கேம்ஷாஃப்ட் என்ஜினும் 4 கார்புரேட்டர்களும் இருந்தன. 354 சி.சி. அளவுள்ள அந்த என்ஜின் 30 குதிரைத்திறனை அளித்தது. அதே ஆண்டில் வெளிவந்த எஸ்500 ஸ்போர்ட்ஸ் காரின் பின்சக்கரங்கள் மோட்டார் சைக்கிளைப் போலச் சங்கிலியால் இயக்கப்பட்டன. கார்ச் சந்தையில் நுழையும் நிறுவனம் குடும்பங்களுக்கான எளிய காரிலிருந்து தொடங்குவதே இயல்பு. ஹோண்டா பந்தய என்ஜினிலிருந்து தொடங்கினார்; என்ஜின் தோன்றிய பின்னரே அதைச் சுற்றி வாகனம் தோன்றியது.

1964-இல் ஃபார்முலா 1 கார் பந்தயத்தில் நுழைந்த நிறுவனம், மறு ஆண்டே மெக்சிகோ போட்டியில் முதல் வெற்றியைப் பெற்றது. 1967-இல் வெளியான என்360 என்னும் சிறிய கார், காற்றால் குளிரும் இரு சிலிண்டர் என்ஜினையும் முன்சக்கர இயக்கத்தையும் கொண்டது. இயந்திரத்துக்குக் குறைந்த இடம், பயணிகளுக்கு அதிக இடம் என்னும் அணுகுமுறை அக்காரில் தெளிவாக வெளிப்பட்டது. விலை குறைந்த அந்தக் கார், தன் பிரிவில் விற்பனையில் முதலிடம் பிடித்தது.

காற்றின் மீது கொண்ட பிடிவாதம்

என்360 காரின் வெற்றி, காற்றால் குளிரும் என்ஜின் மீது ஹோண்டா கொண்டிருந்த நம்பிக்கையை உறுதிப்படுத்தியது. அவரது தர்க்கம் எளிமையானது. நீரால் குளிரும் என்ஜினில், என்ஜினின் வெப்பத்தை நீர் ஏற்கிறது. அந்த நீரை ரேடியேட்டரில் குளிர்விப்பது காற்றே. எப்படியும் காற்றுதான் குளிர்விக்கப்போகிறது எனில், இடையில் நீரும் ரேடியேட்டரும் குழாய்களும் எதற்கு என அவர் கேட்டார். நீர் கசிவதும் உறைவதும் கொதிப்பதும் இல்லாத என்ஜினே பயனாளருக்கு உகந்தது என அவர் வாதிட்டார்.

இந்நம்பிக்கையின் உச்சமாக 1969-இல் ஹோண்டா 1300 என்னும் குடும்பக் கார் விற்பனைக்கு வந்தது. சிறிய என்ஜினுக்குப் பொருந்திய முறை பெரிய என்ஜினுக்குப் பொருந்தவில்லை. 1,298 சி.சி. என்ஜினைக் காற்றால் மட்டும் குளிர்விக்க இரட்டைச் சுவர் கொண்ட சிலிண்டர் பகுதி, அதனுள் காற்றைச் செலுத்தும் விசிறி, தனி எண்ணெய்த் தொட்டி எனப் பல அமைப்புகள் தேவைப்பட்டன. 100 குதிரைத்திறன் கிடைத்தது. அக்காலத்தில் அந்த அளவிலான காருக்கு அது வியக்கத்தக்க ஆற்றல். ஆனால், நீரை நீக்கியதால் எளிமையாக வேண்டிய என்ஜின் முன்னிலும் சிக்கலாயிற்று. எடை கூடியது, முன்பகுதி கனத்தது, தயாரிப்புச் செலவு உயர்ந்தது. தயாரிப்பு தொடங்கும் தறுவாயிலும் ஹோண்டா மாற்றங்களைக் கூறிக்கொண்டே இருந்தார். கார் எதிர்பார்த்தவாறு விற்கவில்லை.

அதற்கு முன்பே பந்தயக் களத்தில் ஓர் உயிரிழப்பு நேர்ந்திருந்தது. 1968-ஆம் ஆண்டுக்காக, காற்றால் குளிரும் என்ஜின் பொருத்திய ஆர்ஏ302 என்னும் ஃபார்முலா 1 கார் உருவாக்கப்பட்டது. அணியின் முதன்மை ஓட்டுநர் ஜான் சர்டீஸ் அதைச் சோதித்துப் பார்த்து, பந்தயத்துக்கு இன்னும் தயாராகவில்லை எனக் கூறி ஓட்ட மறுத்தார். ஜூலை 7 அன்று பிரான்ஸின் ரூவான் நகரில் மழையில் நடைபெற்ற போட்டியில் அக்காரை பிரெஞ்சு ஓட்டுநர் ஜோ ஷ்லெசர் ஓட்டினார். பந்தயம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே கார் தடத்தை விட்டு விலகி மோதித் தீப்பற்றியது. மக்னீசியம் கலந்த உடற்பகுதி கொழுந்துவிட்டு எரிந்ததில் ஷ்லெசர் உயிரிழந்தார். அதே போட்டியில், நீரால் குளிரும் என்ஜின் கொண்ட மற்றொரு ஹோண்டா காரை ஓட்டிய சர்டீஸ் இரண்டாம் இடம் பெற்றார். அந்த ஆண்டின் இறுதியில் நிறுவனம் ஃபார்முலா 1 பந்தயத்திலிருந்து விலகியது.

தலைவரா, பொறியாளரா?

ஆய்வகத்தில் பணியாற்றிய இளம் பொறியாளர்கள், இனி நீரால் குளிரும் என்ஜினே வழி என்னும் முடிவுக்கு வந்திருந்தனர். அவர்களுள் பந்தய என்ஜின்களை வடிவமைத்த தடாஷி குமேயும் ஒருவர். கார்களின் புகையைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் வரவிருந்த நிலையில், என்ஜினின் எல்லாப் பகுதிகளிலும் வெப்பம் சீராக இருந்தால்தான் எரிதலைத் துல்லியமாகக் கட்டுப்படுத்த முடியும். காற்றால் குளிரும் என்ஜினில் அது இயலாது என்பது அவர்களின் வாதம். முன்கோபத்துக்குப் பெயர்பெற்ற ஹோண்டாவிடம் அதை எடுத்துரைப்பது எளிதாக இல்லை. நிறுவனத்தின் பெயரே அவருடையது. அவர் கைப்பட உருவான என்ஜின்களே அதை வளர்த்தவை.

1969-இல் பொறியாளர்கள் ஃபுஜிசாவாவை அணுகித் தங்கள் நிலையை விளக்கினர். அதுவரை தொழில்நுட்பத்தில் தலையிடாத ஃபுஜிசாவா, முதன்முறையாக ஹோண்டாவிடம் அது குறித்துப் பேசினார். நீரா, காற்றா என்பதில் அவர் வாதம் செய்யவில்லை. ஹோண்டா இந்நிறுவனத்தின் தலைவராக இருக்க விரும்புகிறாரா, பொறியாளராக இருக்க விரும்புகிறாரா என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். சிறிது நேர மௌனத்துக்குப் பின், தலைவராகவே இருப்பதாக ஹோண்டா விடையளித்தார். அப்படியெனில் நீரால் குளிரும் என்ஜினைப் பொறியாளர்கள் உருவாக்கலாம் அல்லவா என ஃபுஜிசாவா கேட்டதற்கும் இசைந்தார். மறுநாளே ஆய்வகத்துக்குச் சென்று அவர்களுக்கு அனுமதி அளித்தார். ஆயினும் நீண்ட காலம் அம்முடிவு அவருக்கு உவப்பாக இருக்கவில்லை.

சிவிக் காரும் சுத்தமான புகையும்

1970-இல் அமெரிக்கா இயற்றிய தூய காற்றுச் சட்டம், கார்கள் வெளியிடும் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பன்களையும் 1975-க்குள் 90 சதவீதம் குறைக்க வேண்டும் எனப் பணித்தது. அமெரிக்காவின் பெரிய கார் நிறுவனங்கள் அது குறித்த காலத்தில் சாத்தியமில்லை எனக் கூறி அவகாசம் கோரின. ஹோண்டாவோ, பெரிய நிறுவனங்களும் தம் சிறிய நிறுவனமும் ஒரே கோட்டிலிருந்து ஓடத் தொடங்கும் அரிய வாய்ப்பாக அதைக் கண்டார்.

அவரது பொறியாளர்கள் தேர்ந்த வழி, புகை வெளியேறிய பின் அதைத் தூய்மைப்படுத்துவதன்று. என்ஜினுக்குள்ளேயே புகை குறையச் செய்வது. சிவிசிசி எனப்படும் அம்முறையில், சிலிண்டருக்கு மேல் ஒரு சிறிய முன் அறை இருக்கும். அதில் பெட்ரோல் செறிந்த கலவை முதலில் பற்றவைக்கப்படும். அங்கிருந்து பரவும் சுடர், முதன்மை அறையில் உள்ள பெட்ரோல் குறைந்த கலவையை நிதானமாகவும் முழுமையாகவும் எரிக்கும். இதனால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் எனப்படும் புகைத் தூய்மிப்புக் கருவி இல்லாமலே நச்சு வாயுக்கள் குறைந்தன. 1972 டிசம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நடத்திய சோதனையில், 1975-ஆம் ஆண்டுக்கான வரம்புகளை அந்த என்ஜின் நிறைவு செய்தது. பெரிய கார்களுக்கு அம்முறை உதவாது என்னும் ஐயம் எழுந்தபோது, அமெரிக்காவின் செவ்ரோலே இம்பாலா காரின் பெரிய என்ஜினிலும் அதைப் பொருத்தி ஹோண்டா நிறுவனம் சோதனைக்கு அனுப்பியது. டொயோட்டா, ஃபோர்டு உள்ளிட்ட நிறுவனங்கள் அந்தத் தொழில்நுட்பத்துக்கு உரிமம் பெற்றன. ஒருகாலத்தில் ஹோண்டாவின் பிஸ்டன் வளையங்களை நிராகரித்தது அதே டொயோட்டா நிறுவனம்தான்.

1972 ஜூலையில் அறிமுகமான சிவிக் கார், முன்சக்கர இயக்கமும் குறுக்காகப் பொருத்தப்பட்ட, நீரால் குளிரும் சிறிய என்ஜினும் கொண்டது. அடுத்த ஆண்டு இறுதியில் அதில் சிவிசிசி என்ஜினும் இடம்பெற்றது. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வெடித்து உலகெங்கும் பெட்ரோல் விலை உயர்ந்தபோது, சிக்கனமும் தூய்மையும் ஒருங்கே கொண்ட சிறிய கார் ஹோண்டா நிறுவனத்தின் கையில் தயாராக இருந்தது. காற்றால் குளிரும் என்ஜினிலேயே அவர் நிலைத்திருந்தால் அந்தக் கார் உருவாகியிருக்க வாய்ப்பில்லை.

இம்முயற்சியின்போது நிகழ்ந்த ஒன்று ஹோண்டாவைச் சிந்திக்க வைத்தது. போட்டியாளர்களை முந்தும் வாய்ப்பு இது என அவர் பேசியபோது, தாங்கள் உழைப்பது நிறுவனத்துக்காக அன்று, சமுதாயத்துக்காகவே என இளம் பொறியாளர்கள் கருதியது அவருக்குத் தெரியவந்தது. தம்மை அறியாமலே நிறுவனத்தை மையமாக வைத்துச் சிந்திக்கத் தொடங்கிவிட்டதை அவர் உணர்ந்தார். விலகும் காலம் வந்துவிட்டது என முடிவு செய்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனப் பிற்காலத்தில் அவரே தெரிவித்தார்.

விலகலும் வழித்தோன்றல்களும்

நிறுவனம் வெள்ளி விழாக் கண்ட 1973-இல், 66 வயதில் ஹோண்டா தலைவர் பொறுப்பிலிருந்து விலகினார். ஃபுஜிசாவாவும் உடன் விலகினார். தங்கள் பிள்ளைகளை நிறுவனத்தில் சேர்ப்பதில்லை என்பதில் இருவரும் உறுதியாக இருந்தனர். ஹகோனே மலையில் சோதிக்கப்பட்ட என்ஜினை வடிவமைத்த கியோஷி கவாஷிமா, 45 வயதில் இரண்டாவது தலைவரானார். நீரால் குளிரும் என்ஜினுக்காக வாதாடிய தடாஷி குமே, 1983-இல் மூன்றாவது தலைவரானார். நிறுவனரோடு முரண்பட்டவர் ஒதுக்கப்படாமல் உச்சப் பொறுப்புக்கு வந்தது, அந்நிறுவனத்தின் பண்பாட்டுக்குச் சான்றாகக் கருதப்படுகிறது.

ஓய்வுக்குப் பின் ஹோண்டா, நாடெங்கும் உள்ள தொழிற்சாலைகளுக்கும் விற்பனை, பழுது பார்ப்பு நிலையங்களுக்கும் நேரில் சென்று பணியாளர்களுடன் கை குலுக்கி நன்றி தெரிவித்தார். எண்ணெய்க் கறை படிந்த கையை நீட்டத் தயங்கிய தொழிலாளரின் கையையும் விரும்பிப் பற்றினார். அவரது இடக்கை முழுவதும் இளமைக் காலத்துப் பட்டறைக் காயங்களின் தழும்புகள் இருந்தன. 1982-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள மேரிஸ்வில் தொழிற்சாலையில் அக்கார்டு கார் தயாரிப்பு தொடங்கியது. அமெரிக்க மண்ணில் கார் தயாரித்த முதல் ஜப்பானிய நிறுவனம் என்னும் பெயர் அதனால் கிட்டியது. 1989-இல் அமெரிக்காவின் மோட்டார் வாகனப் புகழரங்கில் இடம்பெற்ற முதல் ஜப்பானியரானார்.

இந்தியாவில் ஹோண்டா

ஹோண்டா ஓய்வு பெற்ற பின்னரே அவரது நிறுவனம் இந்தியாவில் நுழைந்தது. 1984-இல் ஹீரோ குழுமத்துடன் கூட்டு நிறுவனம் ஏற்படுத்தப்பட்டு, மறு ஆண்டு சிடி 100 மோட்டார் சைக்கிள் வெளிவந்தது. டூ ஸ்ட்ரோக் வண்டிகள் மலிந்திருந்த இந்தியச் சந்தையில், ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜின் கொண்ட அந்த 100 சி.சி. வண்டி எரிபொருள் சிக்கனத்தால் நடுத்தரக் குடும்பங்களை ஈர்த்தது. அதே காலத்தில் கைனெட்டிக் நிறுவனத்துடன் சேர்ந்து அறிமுகம் செய்யப்பட்ட ஸ்கூட்டரோ டூ ஸ்ட்ரோக் வகையைச் சார்ந்தது. நிறுவனரின் கொள்கையும் சந்தைக்கேற்ப வளைந்ததற்கு அது சான்று. 2001-இல் வந்த ஆக்டிவா ஸ்கூட்டரில் ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினே இடம்பெற்றது.

கார்களிலும் இத்தொடர்ச்சியைக் காணலாம். 1998-இல் சிட்டி காருடன் இந்தியச் சந்தைக்கு வந்த நிறுவனம், டீசல் கார்களுக்குப் பெரும் வரவேற்பு இருந்த ஆண்டுகளிலும் பெட்ரோல் கார்களையே விற்றது. அமேஸ் காரில் டீசல் என்ஜினை அளித்தது 2013-இல்தான். வாங்குவோரின் விருப்பத்துக்கும் நிறுவனத்தின் என்ஜின் மரபுக்கும் இடையே அப்போதும் ஓர் இழுபறி இருந்தது.

இறுதி விருப்பம்

1991 ஆகஸ்ட் 5-இல், 84 வயதில், கல்லீரல் செயலிழப்பால் சோய்சிரோ ஹோண்டா டோக்கியோவில் காலமானார். தமக்கு நிறுவனத்தின் சார்பில் பெரிய இறுதிச் சடங்கு நடத்தக் கூடாது என முன்னரே கேட்டுக்கொண்டிருந்தார். கார் தயாரிக்கும் ஒருவரின் இறுதிச் சடங்கே சாலையில் போக்குவரத்து நெரிசலை உண்டாக்கிப் பிறருக்கு இடையூறாகிவிடக் கூடாது என்பது அவர் கூறிய காரணம். அதன்படி பெரிய ஊர்வலமோ பொதுச் சடங்கோ நடைபெறவில்லை. அதற்குப் பதிலாக, நிறுவனத்தின் பல்வேறு இடங்களில் மக்கள் தங்களுக்கு வசதியான நேரத்தில் வந்து அவருக்கு நன்றி செலுத்த ஏற்பாடு செய்யப்பட்டது.